தெளிந்த தண்ணீரில் மூச்சுத் திணறிய மீன்கள்

பதுளையிலும் பண்டாரவளையிலும் வீடு வீடாகப் போய் மீன் தொட்டி பராமரிக்கும் நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்கள். தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னையும் அதில் சேர்த்திருக்கிறீர்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளி மத்தியானம் வரை அதில் ஒரே வாக்குவாதம். வீட்டுத் தொட்டியின் பில்டரில் பஞ்சு போடுவது அவசியமா, வீண் வேலையா? ஒருவர் பஞ்சில்லாமல் தொட்டியே இல்லை என்கிறார். இன்னொருவர் எங்கோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பஞ்சு என்பது கடைக்காரர்களின் ஏமாற்று என்கிறார். கடைசியில், "அண்ணே, நீங்க பெரியவர், ஒரு வார்த்தை சொல்லிருங்க, முடிச்சிருவோம்" என்று என் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

ஒரு வார்த்தையில் என்னால் முடிக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் குறிப்பெழுதுகிற பழக்கம் உள்ளவன் என்று உங்களுக்குத் தெரியும். போன வீடு, போன கிழமை, போன நேரம், தண்ணீரின் வாசனை, மீன்களின் எண்ணிக்கை எல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பியில் இருக்கிறது. என் மனைவி அவற்றை "மீன்களின் ஜாதகம்" என்பாள். பஞ்சைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது, நான் தேடி எடுத்தது ஹல்துமுல்லை வீட்டுக் கொப்பியை. அதில் ஒரு பக்கம் என் கையெழுத்திலேயே என்னைக் குற்றம் சொல்கிறது.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். பில்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பஞ்சு, கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைப் பிடிக்கிறது. சுட்ட களிமண் வளையங்களில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், மீனின் கழிவிலிருந்து வரும் நஞ்சை நஞ்சில்லாததாக மாற்றுகின்றன. முதல் வேலையை வீட்டுக்காரர் பார்க்கிறார். இரண்டாவதை மீன் மட்டும்தான் உணர்கிறது. காசு கொடுப்பவர் வீட்டுக்காரர் என்பதால் நம்முடைய கவனமும் முதல் வேலைப் பக்கமே சாய்ந்துவிடும். நான் சாய்ந்த கதைதான் இது.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் ஓரத்தில் அந்த வீடு. வீட்டுக்காரர் ராமையா அண்ணன், தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பார்வதி அக்கா, தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்தவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் வேலை அது. மகள் கொழும்பில். ராமையா அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, பொழுது போகட்டும் என்று மகள் ஒரு நாலடித் தொட்டியையும் மூன்று தங்கமீன்களையும் வாங்கி அனுப்பினாள். தொட்டியைப் பொருத்தியது நான்.

அண்ணனுக்குப் பேச்சும் போயிருந்தது. "ம்" என்பார், "ஓ" என்பார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் விரல்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் செய்யவில்லை. அக்கா கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார். மகள் போனில் அழுதும் பார்த்தாள். வலது கையை மடியில் வேறொருவருடைய கையைப் போலப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

தொட்டி வந்து மூன்றாவது மாதம் நான் போனபோது அவர் அந்தக் கையால் ஒரு தீன் உருண்டையை எடுத்துக்கொண்டிருந்தார். மிளகளவு உருண்டை. இரண்டு விரலால் பிடிக்கிறார், விழுகிறது. மறுபடி பிடிக்கிறார். பிடித்ததைத் தண்ணீருக்குள் கொண்டுபோனதும் மூன்றில் பெரிய வெள்ளை மீன் வந்து விரல் நுனியிலிருந்து கவ்விக்கொண்டது.

"இடது கையால போட்டா நொடியில முடிஞ்சிரும்" என்றார் அக்கா. "வெள்ளச்சிக்கு அந்தக் கைதான் வேணுமாம். ரெண்டும் ஒண்ணையொண்ணு செல்லங் கொஞ்சுதுங்க. எனக்கு இந்த நாப்பது வருஷத்துல ஒரு வாய் சோறு ஊட்டியிருப்பாரா கேளுங்க."

அண்ணன், "ம்" என்றார். சிரித்தார் என்றுதான் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

ஆக அந்த வீட்டில் மீன் அலங்காரத்துக்கு இருக்கவில்லை. அந்த வலது கை எழும்புவதற்கு இருந்த ஒரே காரணம் மீன்தான். இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் நான் அடுத்து செய்ததைச் சொல்கிறேன்.

தங்கமீன் பன்றியைப் போல. தின்னும், கழியும், மண்ணைக் கிளறும். அதற்கு மேல் அந்த வீட்டுத் தண்ணீர் மலை ஓடையிலிருந்து பீலிக் குழாய் வழியாக வருவது. மழை தொடங்கியதும் தொட்டி மங்கிப் போனது. தீபாவளிக்கு மகளும் மருமகனும் வருகிறார்கள், "தொட்டி பளிச்சுன்னு இருக்கணும் தம்பி" என்று அக்கா சொன்னார். எனக்கும் ஒரு வீம்பு. தொட்டிக்குக் கீழே பெட்டிக்குள் நிற்கும் வாளி போன்ற பில்டரைத் திறந்தேன். பஞ்சுக்கு இடம் போதவில்லை. களிமண் வளையங்களில் பாதியை எடுத்து, அப்போது நான் வைத்திருந்த வளர்ப்பு மீன் கடைக்குக் கொண்டுபோக ஒரு பெட்டியில் போட்டேன். அந்த இடம் முழுவதும் வெள்ளைப் பஞ்சை அமுக்கி நிரப்பினேன். மறுநாளே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அக்கா போனில் படம் எடுத்து அனுப்பினார். நான் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனேன். "அக்கா, இதை நீங்க திறக்கவே வேணாம். மூடியை ஒழுங்கா பூட்டாட்டி வீடெல்லாம் தண்ணி. மாசத்துக்கு ஒருக்கா நான் வந்து பாத்துக்கிறேன்."

இந்த வாக்கியத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்களும் சொல்லுகிறீர்கள். வீட்டுக்காரர் கை வைத்தால் கெடுத்துவிடுவார் என்ற பயம் பாதி. நம்மை நம்பியே இருக்கட்டும் என்ற எண்ணம் மீதி. கொப்பியின் அடுத்த பக்கத்தில், போக வேண்டிய நாள் குறித்திருக்கிறது. அதற்கு நேரே "மழை, போகவில்லை" என்று இருக்கிறது. அதற்கடுத்த தவணைக்கு நேரேயும் அதேதான்.

நவம்பரில் மழை விடவேயில்லை. ஹல்துமுல்லைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடினார்கள். ஞாயிறு பின்னேரம் அந்தப் பகுதிக்கே கரண்ட் போனது. செவ்வாய் காலை ஏழு நாற்பதுக்கு என் போன் அடித்தது.

"தம்பி, பார்வதி பேசுறேன்." குரலைத் தாழ்த்திப் பேசினார். "மீனெல்லாம் மேல வந்து நிக்குது. வாயைப் பொளந்து பொளந்து மூடுது. சின்னது போயிருச்சு. இவர்கிட்ட சொல்லல. முந்தானையில மறைச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

"தண்ணி எப்படி இருக்கு அக்கா?"

"தண்ணிக்கு என்ன குறை? பளிங்கு மாதிரி இருக்கு. நீங்க போட்ட பஞ்சாச்சே!"

இத்தனை வருடத் தொழிலில் யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை. அவர் பாராட்டித்தான் சொன்னார்.

"கரண்ட் வந்துச்சா?"

"விடியக்காலையில ஒரு பத்து நிமிஷம் வந்துச்சு. பில்டரும் ஓடுச்சு. அப்பாடான்னு இருந்தேன். அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை, அதுக்குப் பிறகுதான் இதுங்க மேல வந்துச்சு. இப்ப மறுபடி கரண்ட் இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாத அழுக்கை அமுக்கி வைத்திருந்த பஞ்சு, ஒன்றரை நாள் ஓட்டமில்லாத தண்ணீரில் மூச்சில்லாமல் அழுகியிருக்கிறது. கரண்ட் வந்த பத்து நிமிடத்தில் பில்டர் அந்த அழுகலை அப்படியே தொட்டிக்குள் தள்ளியிருக்கிறது. நஞ்சைச் சமாளிக்க வேண்டிய வளையங்களில் பாதி என் கடையின் பின்பக்கத்தில் ஒரு பெட்டியில் காய்ந்து கிடந்தன.

மறுபடி எப்போது வேண்டுமானாலும் கரண்ட் வரலாம்.

"அக்கா, முதல்ல பிளக்கைப் புடுங்குங்க. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்."

போனார், வந்தார். "புடுங்கிட்டேன். தம்பி, போன்ல பெட்டரி ஒரு கோடுதான் இருக்கு."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் உங்களுக்கு இந்த நிலை வரும். என் மண்டைக்குள் ஒரே நேரத்தில் ஒன்பது வேலைகள் வரிசையாக நின்றன. பில்டரைத் திற, பஞ்சை எடு, வளையத்தைத் தொட்டித் தண்ணீரில் கழுவு, செம்பால் மேலேயிருந்து ஊற்றிக் காற்றைக் கலக்கு, தீனை நிறுத்து, இன்னும் என்னென்னவோ. படித்த புத்தகங்களெல்லாம் ஒரே சமயத்தில் வாய் திறந்தன. ஆனால் எதிரில் இருந்தவர் பயந்துபோன ஒரு பெண். கையில் சாகப்போகிற போன். மூன்றாவது வேலையைச் சொன்னால் முதலாவது மறந்துபோகும். ஒன்றை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்றுதான் சொல்லலாம். எதைச் சொல்வது?

தண்ணீரை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். எந்தத் தண்ணீரால்?

"அக்கா, மேல் மலையில இந்தக் கிழமை புல்லுக்கு மருந்து அடிச்சாங்களா?"

"இந்த மழையில யாருப்பா மருந்து அடிப்பா? நாலு நாளா வேலையே இல்ல, காலையில பெரட்டுக்கே ஆள் கூப்பிடல. எல்லாரும் லயத்து வீட்டுக்குள்ளதான் குந்திக்கிட்டு இருக்குறாங்க."

"அப்ப பீலித் தண்ணியைப் புடிச்சு ஊத்துங்க. தொட்டியில பாதியை வெளிய எடுத்துட்டு, பாதிக்கு."

"பீலியிலயா? தம்பி, செம்மண்ணா வருது. சாயத்தண்ணி மாதிரி இருக்கு."

"பரவாயில்ல."

"என்னா பரவாயில்ல? தண்ணி பளிச்சுன்னு இருக்கணும்னுதான நீங்க பஞ்சைப் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். இப்ப நானே சொல்றேன், கலங்கல் தண்ணியை ஊத்துங்க."

நான் பார்க்காத தண்ணீர், சோதிக்காத தண்ணீர். என் கணக்கு இவ்வளவுதான்: மண் மீனைக் கொல்வதற்கு நாள் எடுக்கும், அந்தத் தெளிந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் கொல்லும். மலையிலிருந்து குதித்து விழுகிற தண்ணீரில் காற்றாவது இருக்கும். மருந்து அடித்திருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பிழை. அடிக்கவில்லை என்று அவர் சொன்னதை நம்பினேன். மலையில் மருந்து அடித்தார்களா என்பது எந்தச் சோதனைக் குழாயையும்விட அந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

"துணி கட்டித்தான் ஊத்துவேன்" என்றார் அக்கா.

"கட்டுங்க. ஆனா சுருக்கா."

"அதை நீங்க எனக்குச் சொல்லித் தர வேணாம். பொறந்ததுலேருந்து துணி கட்டித்தான் தண்ணி..."

போன் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று நாட்கள் அந்த எண் வேலை செய்யவில்லை. மகளுக்குப் போன் எடுத்தால் அவளுக்கும் வீட்டு லைன் கிடைக்கவில்லை. அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டாள், அம்மாவைப் பற்றிக் கேட்டாள், கடைசியில்தான் தயங்கித் தயங்கி, "அங்கிள், வெள்ள மீன்?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். வளையங்களை எடுத்ததைச் சொல்லவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளுக்கும் கொப்பியில் ஒரே வரிதான் இருக்கிறது: "தகவல் இல்லை."

அந்த நாட்களில் ஒரு உருப்படியான வேலை செய்தேன். என் கடையின் மிகப் பழைய தொட்டியின் பில்டரிலிருந்து, உயிர் குடியிருக்கும் வளையங்களை எடுத்து, அதே தொட்டித் தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டு வைத்தேன். வெள்ளி காலை மண் சரிந்த இடத்தை நடந்து கடக்க வழி விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்த வாளியோடு பஸ் ஏறினேன்.

கொண்டக்டர் வாளியை எட்டிப் பார்த்தான். "என்னாங்க ஐயா, மீனா?"

"இல்ல. மண் வளையம்."

"மண் வளையத்துக்குத் தண்ணி ஊத்தி, மடியில வச்சுக்கிட்டா போறீங்க?" பின்னாலிருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "மெதுவா ஓட்டு மச்சான், ஐயாவோட கல்லெல்லாம் தூங்குது!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புத்தளை தாண்டி மண் சரிந்த இடத்தில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். மறுபக்கம் வேறு பஸ். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பத்து.

நேரே தொட்டியிடம் போனேன். பாலை அதிகமாக ஊற்றிய தேநீரின் நிறம். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. ராமையா அண்ணன் எப்போதும்போலத் தொட்டிக்கு எதிரில் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "இன்னைக்குக் காலை வரைக்கும் நாளுக்கு ரெண்டு தடவை மாத்தினேன். உசிரோட இருக்கா இல்லையான்னே தெரியல. கீழ போயிருச்சோ என்னமோ. கையை உட்டுத் துழாவிப் பாக்க எனக்குப் பயமா இருக்கு. செவ்வாக்கிழமைலேருந்து இந்த மனுசன் அந்தக் கையைத் தூக்கவே இல்ல. சின்னது செத்ததையும் நான் இன்னும் சொல்லல. வாழைமரத்தடியில பொதைச்சேன்."

நாங்கள் திரும்பி வந்தோம். அண்ணன் என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினார். பிறகு வாழைமரம் நிற்கிற ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினார்.

"அட பாவி மனுசா!" என்றார் அக்கா. "தெரிஞ்சுக்கிட்டேதான் நாலு நாளா உக்காந்திருந்தியா?"

இந்த இடத்தில் நான் என் தொழிலின் ஒரு விதியை மீறினேன். பில்டர் செத்த தொட்டியில் தீன் போடக் கூடாது. நீங்கள் யாராவது போட்டால் நானே ஏசுவேன். ஆனால் அந்த இரண்டு விரலைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. இரண்டும் உயிரோடு இருந்தால் அவருக்கு அதைத் தெரிவிக்க வேறு வழி ஏது? இல்லாவிட்டால் என்ன செய்வது? கையை நீட்டி, ஒன்றும் வராமல் போனால், அந்தக் கை இனி எழும்பவே எழும்பாது. தீன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. குறிப்பெழுதுகிறவன், ஆனால் அதற்கு நேரம் எழுதவில்லை.

"அண்ணே, ரெண்டே ரெண்டு உருண்டைதான்" என்று சொல்லித் தட்டில் வைத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வலது கை மடியிலிருந்து எழுந்தது. முதல் தரம் உருண்டை நழுவியது. இரண்டாம் தரமும் நழுவியது. அக்கா உதவிக்குக் கை நீட்டியபோது, "ம்ம்!" என்று அதட்டினார். மூன்றாம் தரம் பிடித்தார். மணிக்கட்டு வரை அந்தச் செம்மண் தண்ணீருக்குள் விட்டார். விரல்கள் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன.

நாங்கள் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சொல்ல வேண்டிய ஆறுதலைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணனுடைய தோள் லேசாக அசைந்தது. கையை வெளியே எடுத்தார். விரலில் உருண்டை இல்லை.

"கரைஞ்சு போயிருக்கும்" என்றார் அக்கா, மெதுவாக.

அண்ணன் பதிலுக்கு "ஓ" என்று நீட்டி ஒரு சத்தம் போட்டார். இரண்டாவது உருண்டையை எடுத்தார். இந்தத் தரம் தண்ணீருக்கு மேலேயே பிடித்தார். கலங்கலிலிருந்து வெள்ளை வாய் ஒன்று மேலே வந்து அதைக் கவ்விக்கொண்டு போனது. அதன் பின்னால் இரண்டாவது மீனின் முதுகும் தெரிந்தது.

கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் பில்டரைத் திறந்தேன். நான் வெள்ளையாக அமுக்கிய பஞ்சு கறுப்பாக, கொழகொழவென்று வந்தது. வாடையில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வளையத்தில் பாதியை எடுத்தது, திறக்க வேண்டாம் என்று சொன்னது, இரண்டு தவணை வராதது எல்லாம். நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே வந்திருக்காது. நான்கு நாள் கலங்கல் தண்ணீர் சுமந்தவரிடம் அதை மறைக்க முடியவில்லை.

அவர் அந்தக் கறுப்புப் பஞ்சைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"அப்ப இந்த அழுக்கு தொட்டியை உட்டுப் போகவே இல்ல. இதுக்குள்ளயேதான் இருந்திருக்கு."

"ஆமா அக்கா."

"மடுவத்துல ஒரு புள்ள வேலைக்கு வந்துச்சு. கொழந்தைங்க நனைச்ச துணியெல்லாம் கூடையில அமுக்கி மூடி போட்டு வச்சிரும். தோட்டத்துத் தொர வந்து பாத்தா மடுவம் பளபளன்னு இருக்கும். நான் போய் மூடியைத் தொறப்பேன்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அந்தப் புள்ளையைவிட மோசம் தம்பி. மூடியைத் தொறக்காதேன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கீங்க."

நான் தலையாட்டினேன். "இனிமே இந்த வீட்டுக்குப் பஞ்சே வேணாம் அக்கா" என்றேன். குற்றவுணர்வு பேசியது. ஒரு பக்கம் விழுந்தவன் மறு பக்கம் சாய்வதுபோல.

"ஏன் வேணாம்? துணி கட்டாத தண்ணியா?" என்று கோபப்பட்டார். அவர் அந்த நான்கு நாளும் எப்படி ஊற்றினார் என்பதை அப்போதுதான் காட்டினார். பழைய வெள்ளை வேட்டித் துண்டை நான்காக மடித்து வாளி வாயில் கட்டுவார். ஒரு வாளி இறங்கியதும் துணியை அவிழ்த்து, உதறி, அலசி, மறுபடி கட்டுவார். ஒரு வாளிக்கு ஒரு அலசு. அலசாத துணியில் அடுத்த வாளி இறங்காது. பீலியில் குடிதண்ணீர் பிடிக்கிற வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மணல் துணியில் நிற்கும், சாயம் மட்டும் போகும். அதனால்தான் தண்ணீர் கலங்கலாக இருந்தும் மீனின் செவுளில் மண் அடையவில்லை.

"பஞ்சு நல்லதுதான். நீங்க அதைப் பூட்டி வச்சதுதான் தப்பு. என் கைக்கு எட்டுற எடத்துல கட்டுங்க, நான் பாத்துக்கிறேன்."

நான் படித்த புத்தகங்களும் இதைத்தான் சொல்கின்றன. பிடித்த அழுக்கை நீங்கள் வெளியே எடுக்கும்வரை அது தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. பல தரம் வாசித்து அடிக்கோடு போட்ட வரி. அடிக்கோடு போட்டவன்தான் மூடியைப் பூட்டினான்.

ஆகவே, தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் வாக்குவாதத்துக்கு என் பதில் இது. பதுளை டவுனில் ஒரு துணிக்கடை முதலாளி வீட்டில் எட்டுச் சின்ன மீன், தொட்டி நிறையச் செடி, பஞ்சு கிடையாது. பல வருடமாக நன்றாக இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பஞ்சு விற்பது வீண். தங்கமீன் வளர்க்கிற வீட்டில், மழைக்குக் கலங்குகிற தண்ணீர் வருகிற வீட்டில், பஞ்சு பெரிய உதவி. ஆனால் அதைப் போடுவதற்கு முன் அங்கே உள்ளவர்களைப் பாருங்கள். யார் அலசுவார்? எத்தனை நாளுக்கு ஒரு தரம்? அந்தக் கை எட்டுகிற இடம் எது? பதில் கிடைக்காவிட்டால் வளையத்தைக் கூட்டுங்கள், மீனைக் குறையுங்கள், பஞ்சை விட்டுவிடுங்கள். பஞ்சுக்கு இடம் தேடி ஒரு வளையத்தையும் வெளியே எடுக்காதீர்கள். அலசும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசச் சொல்லுங்கள், டவுன் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் நல்ல உயிர்களையும் கொன்றுவிடும். கடைசியாக, தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று யாராவது போனில் சொன்னால், அதற்காக நிம்மதி அடையாதீர்கள். மீன் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

அன்று காலைதான் கரண்ட் திரும்பியிருந்தது. நான் கொண்டுபோன வளையங்களால் பில்டரை நிரப்பி ஓடவிட்டேன். பஞ்சுக்குப் பதிலாக, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில், தொட்டிக்கு உள்ளேயே, கைமுட்டியளவு ஒரு கரடுமுரடான ஸ்பொன்ஞைச் செருகினேன். அழுக்கு அதிலேயே நின்றுவிடும், கீழே பில்டருக்குப் போகாது. இரண்டு நாளுக்கு ஒரு தரம் கழற்றி, ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் பிழிந்து, மறுபடி செருக வேண்டும். அக்காவுக்குச் செய்து காட்டினேன். அவர் வாங்குவதற்காகக் கையை நீட்டினார்.

"ம்ம்" என்றார் அண்ணன்.

அவர் வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஸ்பொன்ஞை அண்ணனுடைய உள்ளங்கையில் வைத்து, வாளியை முழங்காலருகே நகர்த்தினேன். விரல்கள் மூட நேரமானது. மூடியும் பலமில்லை. ஸ்பொன்ஞ் கொஞ்சம் நசுங்கியது, மூன்று நான்கு துளி விழுந்தது, அவ்வளவுதான்.

"குடுங்க, நான் புழியிறேன். இப்படிப் புழிஞ்சா பொழுது விடிஞ்சிரும்" என்றார் அக்கா.

அண்ணன் கொடுக்கவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினார். செம்மண் தண்ணீர் அவர் விரல்களுக்கு இடையிலிருந்து கோடாக வாளிக்குள் இறங்கியது.